ஒரு வெள்ளி பாக்கி

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் யோசனை கேட்க வந்தாள். நானும் அவளும் ஒரே தேயிலைத் தொழிற்சாலையில் பாக்கெட் போடுகிறவர்கள். பேங்கிலிருந்து அவளுக்கு போன் வந்ததாம். கிரெடிட் கார்டில் பாக்கி இருக்கும்போது கார்டுக்காரர் செத்துப்போனாலோ, கைகால் விளங்காமல் போனாலோ, அந்தப் பாக்கியைக் கட்டிவிடுகிற காப்புறுதி ஒன்று இருக்கிறதாம்.

“எடுக்கலாமாக்கா, வேணாமா? ஒங்களத்தான் கேக்கணும்னு தோணுச்சு” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த விஷயத்தை என்னிடம் கேட்பதும், கால் ஒடிந்தவளிடம் வழுக்குகிற பாதைக்கு வழி கேட்பதும் ஒன்றுதான். ஆனாலும் அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் லைன் வீடுகளில் இந்தக் காப்புறுதியை வேண்டாம் என்று சொல்லி, அதன் பலனை அனுபவித்தவள் நான் ஒருத்திதான்.

எங்களுக்கும் அதே மாதிரிதான் போன் வந்தது. மகளின் காலேஜுக்குக் கம்ப்யூட்டர், வீட்டுக்கு ஐஸ்பெட்டி, மழையில் ஒழுகிய சமையலறைக்குக் கூரை என்று கார்டில் ஐயாயிரம் ரிங்கிட், எங்கள் பேச்சில் ஐயாயிரம் வெள்ளி, ஏறியிருந்த நேரம். என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் இலை லாரி ஓட்டினார். அன்று அவருக்கு ஓய்வு நாள். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். பேசியது கோலாலம்பூரில் இருந்து ஒரு தமிழ்ப் பெண். அங்கிள், அங்கிள் என்று தேனாய்ப் பேசினாள்.

“நா செத்துட்டா அந்தக் காசு யாருக்கும்மா வரும்? எங்க வீட்டுக்காரிக்கா?” என்று கேட்டார்.

“இல்ல அங்கிள், பேங்குக்குப் போயிரும். ஒங்க பாக்கி கிளியர் ஆயிரும்.”

“அப்ப நா செத்தா ஒங்களுக்குத்தான் நிம்மதி” என்று சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். அவரிடம் யாரும் ரொம்ப நேரம் சிரிக்காமல் பேசிவிட முடியாது.

நான் சிரிக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக, சோற்றில் கை வைத்துக்கொண்டு ‘செத்துட்டா, செத்துட்டா’ என்று என்ன பேச்சு? காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். நூறு வெள்ளி பாக்கிக்கு மாதம் ஐம்பது காசு. ஐயாயிரத்துக்கு இருபத்தைந்து வெள்ளி. அதுவும் அந்தப் பாக்கியோடேயே சேர்ந்துகொள்ளும்.

“வேணாம்னு சொல்லுங்க” என்றேன். “ஆளு போனா கணக்கும் போச்சு. ஒங்க அப்பா போனப்ப பாய் கேட்டாரா?”

இங்கே எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ரிங்லெட் டவுனில் பாய் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எஸ்டேட் சனங்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் பற்று. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், கருமாதி முடிந்த மறுநாள் அந்த வீட்டார் ஒரு தட்டில் வாழைப்பழமும் சீனியும் வைத்துக் கடைக்கு எடுத்துப் போவார்கள். ஆள் போய்விட்டார் என்று சொல்வார்கள். பாய் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு, செத்தவர் பற்றை ஒரே கோடு போட்டு அடித்துவிடுவார். என் மாமனாருக்கு மூன்று மாதப் பற்று இருந்தது. அதையும் அப்படித்தான் அடித்தார். அதற்காக யாரும் அவரை ஏமாற்றியதில்லை. இருக்கிறவர்கள் அந்தக் கடையைத் தவிர வேறு கடைக்குப் போவதில்லை. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

கடன் என்றால் அதுதான் என்று நான் நினைத்திருந்தேன். பேங்க் என்பது கொஞ்சம் பெரிய பாய் கடை.

“ஒம்பேச்சுக்கு மறுபேச்சு ஏது புள்ள” என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் ‘வேண்டாம் லா’ என்றார். அதோடு முடிந்தது. முடிவு எடுத்தது என் வாய். அதை நான் யார் மேலும் போட முடியாது.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை நேரம், இலை லாரியை எடைக் கொட்டகைக்கு முன்னால் ஒழுங்காக நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டீயரிங்கில் அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி என்றுகூட யாரிடமும் சொல்லவில்லை. இலையை இறக்க வந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்தார்களாம்.

கருமாதி முடிந்த மறுநாள் நான் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் பாய் கடை. அவர் பழத்தை எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அங்கிருந்து பஸ் ஏறித் தானா ராத்தா டவுனில் இருக்கிற பேங்குக்குப் போனேன். அதே தட்டு, புதிய சீப்புப் பழம், சீனி, மரியாதைக்கு இரண்டு பாக்கெட் தேயிலை. வாசலில் இருந்த காவலாளி, பேங்கைக் கோயில் என்று நினைத்து வந்துவிட்டவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். கவுண்டரில் ஒரு மலாய்க்காரப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். நான் தட்டை வைத்து, என் கணவர் இறந்துவிட்டார், கணக்கை அடித்துவிடுங்கள் என்று மலாயில் சொன்னேன்.

அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பாவம், சிரிக்கவில்லை. மக்சிக் என்று மலாயில் அத்தை முறை வைத்துக் கூப்பிட்டாள். கார்டை நிறுத்திவிடுவோம் மக்சிக், இனி வட்டி ஏறாது, ஆனால் பாக்கி பாக்கிதான் என்றாள். அவர் விட்டுப்போன பணத்திலிருந்து மொத்தமாகவும் கட்டலாம், மாதாமாதமும் கட்டலாம். கடைசியில், பாதுகாப்புத் திட்டம் ஏதும் எடுத்திருந்தாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல?

அவருடைய சேமநிதிப் பணம் என் கைக்கு வர இருந்தது. அது வந்ததும் ஒரே நாளில் கட்டியிருக்கலாம். எனக்குத்தான் வீம்பு. ஒரு பழத்துக்குக் கோடு போடத் தெரியாத பேங்குக்கு மொத்தமாகக் கொடுப்பதா? காத்திருக்கட்டும் என்று மாதம் இருநூறு வெள்ளிக்குச் சம்மதித்தேன்.

அப்போது அந்தப் பெண், யார் பேரில் கணக்கு என்று கேட்டாள்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ‘என்னங்க’தான். பிறரிடம் ‘எங்க வீட்டுக்காரர்’. பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் அடையாள அட்டையை நீட்டிவிடுவேன், அவர்களே பார்த்து எழுதிக்கொள்வார்கள். அந்த அட்டையை இறப்பைப் பதியப் போனபோது வாங்கிக்கொண்டுவிட்டார்கள். பாய் கடைக்குப் போவதுபோலவே கார்டோ காகிதமோ எடுக்காமல் வந்திருந்தேன், நீட்ட ஒன்றும் இல்லை. அந்தப் பெண் விரலைக் கீபோர்டில் வைத்துக் காத்திருந்தாள். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

சொன்னேன். சத்தமே வரவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னாள். இரண்டாம் முறை சொன்னபோது அவர் எனக்குப் பின்னால் நிற்பதுபோல இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன், என் மடத்தனத்தை என்னவென்று சொல்ல. வீட்டில் பதினாறு நாள் அழாத அழுகையைப் பஸ்ஸில் ரிங்லெட் வரைக்கும் அழுதேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை அந்தக் கவுண்டர். எந்தக் கணக்கு என்று கேட்பார்கள், நான் அவர் பெயரைச் சொல்வேன். நம்பரைச் சொன்னாலே போதும் மக்சிக் என்று ஒரு தடவை சொன்னாள். நம்பர் எனக்கு மனப்பாடம். மறந்துவிட்டது என்று புளுகினேன்.

கடிதமும் மாதம் ஒன்று வரும். எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அதை எடுத்து வைத்திருப்பார். “ஒங்க வீட்டுக்காரருக்கு லெட்டர் வந்திருக்கு” என்பார், ஆள் ஏதோ மேல் மலைக்கு இலை ஏற்றப் போயிருப்பது மாதிரி. உறையில் அவர் பெயர், அப்பா பெயர், எங்கள் லைன், வீட்டு நம்பர் எல்லாம் இருக்கும். முதல் கடிதத்தில் அவர் கடைசியாகக் கார்டில் வாங்கியது இருந்தது. ஈப்போவில் ஒரு செருப்புக் கடை. எனக்கு வாங்கியது. ஒரு விரற்கடை சின்னது. பொண்டாட்டி கால் அளவு தெரியாத ஆம்பிளை என்று ஒரு வாரம் திட்டினேன். அந்தச் செருப்பு இப்போதும் ராக்கில் இருக்கிறது. ஈரம் பிடிக்காமல் துடைத்து வைக்கிறேன்.

இலை லாரி இப்போதும் எங்கள் வீட்டுக்கு மேலே வளைவில் திரும்புகிறது. அவர் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார், உலை வை என்று அர்த்தம். புது டிரைவர் நல்ல பையன், வளைவில் ஹாரன் அடிப்பதில்லை. அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? ஆனாலும் லாரிச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். சத்தம் வளைவைத் தாண்டிப் போன பிறகுதான் மறுபடியும் எடுக்கிறேன். அவரை எனக்கு அவ்வளவு தேடுகிறது.

இருபத்தைந்தாம் மாதம் கடைசி இருநூறு. கவுண்டரில் நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது வெள்ளியை எண்ணி வைத்தேன். ஒரு வெள்ளி குறைகிறது மக்சிக் என்றாள். சில்லறை இல்லை, அடுத்த மாதம் தருகிறேன் என்றேன். என் சுருக்குப்பையில் சில்லறை குலுங்கியது அவளுக்கும் கேட்டிருக்கும். ஒரு வெள்ளி பாக்கி இருந்தால் கடிதம் வரும். ஒரு வெள்ளியைப் பத்துப் பத்துக் காசாகக் கட்டினால் இன்னும் பத்து மாதம் என்று கணக்குகூடப் போட்டுவிட்டேன்.

கடிதம் வந்தது. கிராணி எப்போதும்போல, “ஒங்க வீட்டுக்காரருக்கு” என்று நீட்டினார். அங்கேயே பிரித்தேன். பாக்கி மிகச் சிறியது என்பதால் பேங்க் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. கணக்கு மூடப்பட்டது. இத்தனை காலம் பொறுமையாகக் கட்டியதற்கு நன்றி.

இரண்டு வருடம் முன்னால் தட்டோடு போய் நின்றபோது போடத் தெரியாத கோட்டை இப்போது போட்டிருக்கிறார்கள், பாழாய்ப்போனவர்கள். யார் கேட்டது?

பக்கத்து வீட்டுக்காரி வந்து யோசனை கேட்டது அதற்கு மூன்றாம் நாள். கோபத்தை அடக்கிக்கொண்டு நியாயத்தைச் சொன்னேன்.

“மாசாமாசம் முழுசா கட்டுறவளா இருந்தா வேணாம், தண்டச் செலவு. பாக்கி வைக்கிறவளா இருந்தா மொதல்ல பாக்கியக் கொறை. வேற இன்சூரன்ஸ் இருந்தா அது போதுமான்னு பாரு. கொறைக்க வழியில்ல, வேற ஒண்ணும் இல்லன்னாத்தான் இது. அதுவும் எதுக்குக் குடுப்பான், எதுக்குக் குடுக்க மாட்டான்னு படிச்சுட்டு கையெழுத்துப் போடு. அந்தக் காசு ஒங்கைக்கு வராது, அத மனசுல வச்சுக்க.”

“நீங்க எடுத்திருந்தா ஒங்களுக்கு ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்லக்கா” என்றாள்.

“ஆமா, ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்” என்றேன். மாதம் இருபத்தைந்து வெள்ளி என்று எட்டு மாதம் கட்டியிருந்தால் ஐயாயிரம் மிச்சம். பணக் கணக்கில் நான் எடுத்தது தப்பான முடிவு. ஆனால் அந்தத் தப்பில்லாவிட்டால் அவர் பெயரை நான் ஒரு தடவைகூடச் சொல்லாமலே செத்திருப்பேன்.

நேற்று எனக்கு லீவு. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கணக்கை அடித்தவருக்குப் பழம் கொடுக்காமல் இருப்பது முறையில்லை அல்லவா? அதே கவுண்டர், அதே பெண். ஒரு கணக்கில் பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன்.

அவளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். இருந்தாலும், யார் பேரில் மக்சிக் என்று கேட்டாள்.

சொன்னேன். நிதானமாக, முழுப் பெயரையும், அவர் அப்பா பெயரோடு சொன்னேன். எழுத்து எழுத்தாகச் சொல்லவா என்றும் கேட்டேன். சொல்லுங்கள் என்றாள். சொன்னேன்.

அவள் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, எல்லாம் முடிந்துவிட்டது, இனி நீங்கள் இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை என்றாள்.

இன்னும் முடியவில்லை என்பதை மலாயில் எப்படிச் சொல்வது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பதில் பழத்தை அவள் முன்னால் வைத்தேன். அவள் ஒன்றைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள்.