ஒரு விரல் இடைவெளி

எங்க வீட்டுல ரெண்டு பொண்ணுங்க. ஒண்ணு நான் பெத்தது. இன்னொண்ணு, என் வீட்டுக்காரர் தாசேக் கெலுகோர் செம்பனைத் தோட்டத்துலேர்ந்து இழுத்துக்கிட்டு வந்த பழைய பிக்கப் லோரி. நான் பெத்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "பொண்ணைக் கோயிலுக்கு இதுலதான் கூட்டிட்டுப் போவேன்"னுட்டார். மகளும் சந்தோஷமா தலையாட்டினா. அப்பான்னா அவளுக்கு உயிர்.

லோரி இருக்கற மாதிரியே போனா அழகில்லையாம், தரையை ஒட்டிப் போகணுமாம். செபராங் ஜெயாவுல ஒரு வொர்க்‌ஷாப்புல முன்பக்கத்தை இறக்கினார். இறக்கினதும் புது வியாதி. வலது பக்கம் ஒடிச்சா ஸ்டியரிங் ராடு, வண்டியோட அடிச்சட்டமான சேசிஸ்ல போய் இடிக்குது. "அண்ணே, சேசிஸ்ல அந்த இடத்தை வளைவா வெட்டி, தகடு வச்சு வெல்டிங் பண்ணிடலாம். இல்லன்னா வண்டியைக் கொஞ்சம் ஏத்திடுங்க"ன்னான் மெக்கானிக் தம்பி. ஒரிஜினல் சேசிஸை வெட்டறதா? பெத்த பிள்ளைக்கு ஆபரேஷன்னு சொன்ன மாதிரி இவர் முகம் வெளிறிப் போச்சு. கடைசியில, ஏதோ போனாப் போகுதுன்னு ஒரு விரல் அளவு ஏத்தச் சம்மதிச்சார். ராடுக்கும் சேசிஸுக்கும் நடுவுல விரலை விட்டுப் பார்த்தார். விரல் போச்சு. தனியா ஓட்டிப் பார்த்தார். இடிக்கல. "போதும் லா"ன்னுட்டார்.

கல்யாணத்தன்னிக்கு லோரிக்கும் மாலை. அவர் ஓட்ட, நடுவுல பட்டுப்புடவையில மகள், ஓரத்துல நான். முகூர்த்தம் நெருங்குது. கோயிலுக்குக் கொஞ்சம் முன்னாடி, சூலியா தெரு முனையில வலது பக்கம் ஒடிச்சார். டக்! லோரி நடுரோட்டுல குறுக்கே நின்னுடுச்சு. மூணு பேர் பாரத்துல அந்த விரல் இடைவெளி காணாமப் போச்சு. தனியா ஓட்டிப் பார்த்த மகராசனுக்கு, நாங்களும் ஏறுவோம்னு தோணவே இல்ல.

பின்னாடி ஹாரன் காதைக் கிழிக்குது. "நீ மட்டும் கொஞ்சம் இறங்கேன்"ங்கறார் என்னைப் பார்த்து. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! "அப்ப நான்தான் பாரமா?"ன்னு கேட்டுக்கிட்டே இறங்கினேன். அப்பவும் லோரி திரும்பல. மகளைப் பார்த்தார். அவ புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இறங்கினா. லோரி மேல எழும்பி, ஜோரா திரும்பி, பின்னாடி வண்டிங்க நெருக்கவும் நிக்காமலே போயிடுச்சு. மானம் கப்பலேற, கல்யாணப் பொண்ணும் நானும் வெயில்ல பின்னாலயே ஓடினோம்.

கோயில் வாசல்ல மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தித் தட்டோட நின்னிருக்காங்க. நாதஸ்வரம் முழங்க, போட்டோக்காரர் ஓடி ஓடிப் படம் எடுக்க, லோரியிலேர்ந்து இறங்கினது என் வீட்டுக்காரர் மட்டும்தான். நாங்க மூச்சு வாங்க வந்து சேர்ந்தோம். சாமி புண்ணியத்துல தாலி நேரத்துக்கு ஏறுச்சு.

அடுத்த மாசம் பழைய வண்டிங்களுக்கு ஒரு கண்காட்சி வந்துச்சு. மகளுக்காக வெட்டாத சேசிஸை அதுக்காக வெட்டினார். தகடு வச்சு, வெல்டிங் பண்ணி, பெயிண்டும் அடிச்சாச்சு. இப்ப எத்தனை பேர் ஏறினாலும் ரெண்டு பக்கமும் திரும்புது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

தலைதீபாவளிக்கு லோரியைத் துடைச்சு வச்சுக்கிட்டு, "அப்பா கூப்பிட வர்றேன்னு சொல்லு"ன்னார். அவர் காதுலயும் விழட்டும்னு போனை ஸ்பீக்கர்ல போட்டேன். மகள்கிட்ட விஷயத்தைச் சொன்னேன்.

"வேணாம்மா. நாங்க நடந்தே வந்துடறோம். எனக்குப் பழக்கம்தானே."