வேனில் நாங்கள் சொன்ன கருத்துகள்

சனிக்கிழமை காலையில் கம்பெனி வேனில் ஏறினால் வேறு பேச்சே கிடையாது. முந்தின நாள் போனில் வந்த தொடரைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்த ஊரிலோ எடுத்து, தமிழில் பேச வைத்த தொடர். கடத்தல் தொழில் செய்கிற ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், கடைசியாக ஒரு மகள். வெள்ளிக்கிழமைக்கு ஒரு பகுதி வரும். காட்டேரிக்குப்பத்தில் கிளம்பி திருபுவனை போய்ச் சேருவதற்குள் பன்னிரண்டு பெண்களும் டிரைவரும் சேர்ந்து அதை அலசித் தீர்த்துவிடுவோம். தீர்த்துவிடுவோம் என்று எழுதுகிறேனே தவிர, நான் பேசியதில்லை. நாலு பேர் என்னைப் பார்த்தால் எனக்குக் காது சூடாகிவிடும். கம்பெனியில் டப்பா மூடிகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. அதற்குப் பேச்சு தேவைப்படாததால் பல வருடம் ஓடிவிட்டது.

டிரைவர் எப்போதும் அந்த அப்பாவின் கட்சி.

"அந்தாளு தொழிலு தப்புதான். ஆனா வூட்டுல ஒரு வார்த்த அதிர்ந்து பேசறானா? பொண்டாட்டிக்குத் தட்டு வெச்சி சோறு போடறாம்மா."

"பத்து பேர சுட்டுட்டு வந்து சோறு போட்டா சரியாப்பூடுமா?" இது எங்கள் லைன் லீடர். எல்லோருக்கும் மூத்தவர்.

போன வைகாசியில் கல்யாணமான பெண் ஒருத்தி பின்னாலிருந்து சொன்னாள்: "எங்க வூட்டுக்காரு ஒருத்தரயும் சுடல. சோறும் போடல."

வேன் முழுக்கச் சிரித்தது. நானும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

என் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள் எங்கள் தெருக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். வேனில் ஏறியதும் தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிவிடுவாள். அவள் வீட்டுக்காரன் என்ன செய்கிறான் என்று வேனில் எல்லோருக்கும் தெரியும். பாட்டில் கொண்டுபோகிறவன்.

எங்கள் பக்கத்தில் அதை யாரும் கடத்தல் என்று சொல்வதில்லை. எங்கள் பக்கம் பிராந்தி, விஸ்கி மலிவு; எல்லையைத் தாண்டி விழுப்புரம் பக்கம் போனால் அதே சரக்கின் விலை வேறு. விழுப்புரம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் விசேஷத்துக்கு அழைக்கும்போதே, வரும்போது ரெண்டு எடுத்து வாங்க என்றுதான் சொல்வார்கள். நானும் என் கொழுந்தனுக்காகப் புடவைக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறேன். அவள் வீட்டுக்காரன் கொண்டுபோவது ரெண்டு இல்லை, நாற்பது, ஐம்பது. முகூர்த்த நாளில் மட்டும்தான் போவான். அன்றைக்கு ரோட்டில் நிறைய குடும்பங்கள் சீர்த்தட்டும் கூடையுமாக பைக்கில் போகும். இவளைப் பட்டுப்புடவை கட்டச் சொல்லிப் பின்னால் உட்கார வைப்பான். மடியில் கூடை. மேலே பூ, வெற்றிலை, வாழைப்பழம், அதற்குக் கீழே துணி, துணிக்குக் கீழே குவார்ட்டர் பாட்டில்கள். கல்யாணத்துக்குப் போகிற பெண் மடியில் யார் கை வைப்பார்கள்?

நாலு வருடம் அப்படி ஓடியது. சித்திரையில் ஒரு நாள் செக்போஸ்ட்டில் இருந்த பெண் போலீஸ் இவளைப் பார்த்து, "இன்னாம்மா, உங்க சொந்தத்துல எத்தினி கல்யாணம்தான் நடக்குது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். அன்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவன் இவளை அழைத்துப் போகவில்லை. மகளைக் கேட்டான். மகள் காலேஜில் இரண்டாம் வருடம்.

இதை அவள் என்னிடம் சொன்னது வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது.

"அவ மேல ஒரு கேஸ் வுழுந்தா படிப்பு போச்சு, வேல போச்சு, எல்லாம் போச்சுக்கா. வர்ற புதன்கெழம முகூர்த்தம். ரெடியா இருன்னு அவகிட்ட சொல்லிட்டான்."

நான் "ம்" என்றேன். அவளும் அதற்கு மேல் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்த பகுதியில், தொடரின் அப்பா தன் மகளைக் காரில் முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு சரக்குடன் போனான். பள்ளிக்கூட உடையில் பெண் இருந்தால் காரைச் சோதிக்க மாட்டார்கள் என்பது அவன் கணக்கு. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதோடு பகுதி முடிந்தது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வேனில் அவள் தூங்கவில்லை. பேச்சு தொடங்கியதும் அவளே கேட்டாள்.

"சரி, அந்தம்மா இன்னா பண்ணியிருக்கணும்ன்றீங்க?"

"போலீசுக்குப் போன் போட்டிருக்கணும்" என்றார் லைன் லீடர். "மொத எபிசோடுலயே போட்டிருக்கணும்."

"புருஷன புடிச்சிக் குடுத்துட்டு அவ இன்னாத்த துன்னுவா?" என்றார் டிரைவர்.

"ஏன், நாங்கல்லாம் துன்னல? எட்டு மணி நேரம் நின்னுகினு சம்பாரிக்கல?"

"பொண்ண இஸ்துகினு அம்மா வூட்டுக்குப் போயிருக்கலாம்ல?" என்றாள் புதுப்பெண்.

"அம்மா வூட்டுல ஆரு இருக்கா?" என்று இவள் கேட்டாள்.

"அடியே, சீரியல்ல அவ அம்மா வூட்டயே காட்டலியேடி!"

எல்லோரும் சிரித்தார்கள். இவளுக்கு அம்மா இல்லை. அது எனக்கு மட்டும்தான் அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது என்று நினைக்கிறேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுக்கா."

முன்சீட்டிலிருந்தவர்கள் தலையைத் திருப்பினார்கள். என்னை யாரும் கேட்டதே இல்லை. டிரைவர்கூட கண்ணாடியில் பார்த்தார். நான் முந்தின இரவு நினைத்ததைச் சொன்னேன்.

"பொண்ண எறக்கி வுட்டுட்டு அந்தம்மா போய் உக்காந்திருக்கலாம்."

"அக்கா வாயத் தொறந்துடுச்சிப்பா!" என்று பின்னாலிருந்து கை தட்டினார்கள். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. அவள் தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டாள்.

அவள் கேட்டது தொடரைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. செக்போஸ்ட்டில் அவள் முகம் தெரிந்துபோன விஷயமும் தெரியும். இருந்தாலும் தொடருக்குத்தான் பதில் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொண்டால்தான் எனக்குப் பேச வந்தது.

புதன்கிழமை காலை நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தபோது பைக் போனது. அவள்தான் பின்னால் இருந்தாள். பச்சைப் பட்டு, மடியில் கூடை. அவன் முகம் கடுகடுவென்று இருந்தது. அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவர்கள் வீட்டு வாசலில் மகள் பல் விளக்குகிற பிரஷ்ஷோடு நின்றிருந்தாள்.

மதியத்துக்குள் செய்தி வந்துவிட்டது. அதே பெண் போலீஸ். "வாம்மா, இன்னிக்கு யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே பூவைத் தூக்கிப் பார்த்தாராம். இரண்டு பேரையும் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். பைக்கும் போனது.

மறுநாள் வேனில் என் பக்கத்து சீட் காலி. எல்லோருக்கும் கருத்து இருந்தது.

"தெரிஞ்ச மூஞ்சின்னு தெரிஞ்சும் போனாளே, அறிவு வேணாம்?"

"அந்தப் பொண்ண அனுப்பியிருந்தா தப்பிச்சிருப்பாங்க. காலேஜ் பொண்ண எவன் நிறுத்துவான்?" என்றார் டிரைவர்.

லைன் லீடர் மட்டும் "வாய மூடிகினு ஓட்டுப்பா" என்றார்.

சனிக்கிழமை நான் சொன்னதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தொடரின் புதுப் பகுதி வந்தது. அதைப் பேசினார்கள். நான் பார்க்கவில்லை.

அவன் முதலில் ஜாமீனில் வந்தான். அவளுக்கு ஜாமீன் நிற்க ஆள் கிடைக்க இன்னும் சில நாள் பிடித்தது. அந்த இடைவெளியில் ஒரு காலை, நான் வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள்.

"அம்மாவ போவச் சொன்னது நீங்கதானா அத்த?"

"ஆமாம்மா" என்றேன். "ஒன்னாண்ட சொன்னாளா?"

"போறதுக்கு முன்னாடி சொன்னாங்க. தப்பா சொல்லல." அவள் கண் என் மேல் இல்லை. "நான் போயிருந்தா மாட்டியிருக்க மாட்டேன்."

"மாட்டியிருக்க மாட்ட" என்றேன். "அதுக்கப்புறம் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் நீதான் போயிருப்ப."

அவள் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"வக்கீலுக்குக் குடுக்கணுமாம். ஒரே ஒரு தடவ வான்றாரு அப்பா. வேற வண்டிகூட கேட்டு வெச்சிட்டாரு."

செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு போனேன். நாலு வீடு தள்ளித்தான். அவன் உள்ளே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் "இன்னாக்கா, இந்தப் பக்கம்?" என்றான். எனக்குக் காது சூடாகிவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"பொண்ண உக்கார வெக்காதப்பா."

"எங்க குடும்ப விஷயம்க்கா இது."

"உக்கார வெச்சியின்னா, நீ அந்தப் பக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள செக்போஸ்ட்டுக்கு நானே போன் பண்ணிடுவேன்."

அவன் கையிலிருந்த இட்லியைத் தட்டில் போட்டான். "எவ சொல்லிக் குடுத்து அனுப்புனா ஒன்ன?" என்று கேட்டான். சொல்ல வேண்டியது அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. ஓடிப் போய் ஏறினேன். மூச்சு வாங்குவதைப் பார்த்து டிரைவர் கிண்டல் செய்தார்.

வேறு வண்டி வரவில்லை. அவன் இப்போது கரும்பு லாரிக்கு லோடு ஏற்றப் போகிறான், சில நாள் சும்மா இருக்கிறான். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவள் மேல் கேஸ் நடக்கிறது. வாய்தா நாளில் லீவு போட்டுவிட்டு விழுப்புரம் போய் வருகிறாள். மற்ற நாளில் வேனில் ஏறியதும் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குகிறாள். நான் போய்ப் பேசியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மகள் மூன்றாம் வருடம் படிக்கிறாள்.