காற்றாடிக் கம்பத்துக்கு அடித்த முளை

ஆடி பிறந்தால் எங்கள் தோட்டத்து வீட்டில் கரண்டு தங்காது. உசிலம்பட்டிப் பக்கம் அந்த லைனில் நாங்கள்தான் கடைசி வீடு. குவாரித் தூசி என் வீட்டுக்காரரின் நுரையீரலைத் தின்றிருந்தது. ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. கரண்டு போனால் இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கும். அப்புறம் சிலிண்டர். அது தீர்வதற்குள் கரண்டு வரவேண்டுமே என்று நான் செத்துச் செத்துப் பிழைப்பேன்.

"கரண்டக் கெடுக்குற காத்தே கரண்டக் குடுக்கட்டும்" என்று காற்றாடி வைக்கச் சொன்னவர் அவர்தான்.

காளவாசல் காற்றாடிக் கடையிலிருந்து ஆள் வந்து பார்த்தார். மாடியில் வைத்தால் வீடு அதிரும், வேப்பமரமும் காற்றை மறிக்கும் என்றார். செல்போன் டவர் மாதிரி தானாக நிற்கிற கம்பம் என்றால் கிரேன் வரவேண்டும். எங்கள் பாதையில் டிராக்டரே திணறும். மிச்சமிருந்தது, மரத்தைவிட உயரமான ஒற்றைக் குழாயை நாலு பக்கமும் கம்பியால் இழுத்துக் கட்டுவது. அதுதான் சரி என்றார் இவர்.

"அண்ணே, கம்பிக்கிட்ட மாடு கன்னு அண்டப்படாது. வேலி போட்ருங்க" என்றார் வந்தவர்.

கம்பி கட்டும் நாலு முளைக்கும் கான்கிரீட் போடுவதை இவர் கட்டிலில் படுத்தபடியே மேற்பார்த்தார். குவாரிக்குப் போனாலும் மாட்டை விடாத மனுஷன். "யானையக் கட்டுனாலும் அசையாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை. வேலி நாளைக்கு, நாளைக்கு என்றே போனது. காற்றாடி வந்த தைரியத்தில் காலி சிலிண்டரையும் நிரப்பவில்லை.

அலங்காநல்லூரில் வாங்கிய காளையோடு கொழுந்தனார் வந்தார். "எங்கண்ணே கட்ட?"

"அந்த முளையில கட்டுடா. அம்புட்டு உறுதியா இந்தத் தோட்டத்துல எதுவும் இல்ல."

"ஏங்க, அது காத்தாடிக் கம்பிங்க" என்றேன்.

"மாட்டப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?" என்றார், பால் கறந்தே வளர்ந்த என்னிடம்.

அன்று மத்தியானமே கரண்டு போயிருந்தது. காற்றாடி தயவில்தான் மெஷின் ஓடியது. சாயங்காலம் காற்று வலுத்து, எங்கோ தகரம் பறந்து விழுந்தது. காளை மிரண்டு கம்பியைச் சுற்றிச் சுற்றி இழுத்தது. முளையோடு கம்பியைப் பூட்டியிருந்த கிளாம்ப் நழுவி, கம்பம் மரத்தின் மேல் சாய்ந்தது. பேட்டரியில் இருந்தது தீர்ந்ததும் மெஷின் நின்றது. பாதையில் காற்றுக்கு இன்னொரு மரம் விழுந்து ஆம்புலன்ஸ் வர வழியில்லை. கொழுந்தனார் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். ரோட்டை எட்டுமுன் தோளிலேயே உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்த மறுநாள், கொழுந்தனார் கடப்பாறையோடு அந்த முளையைப் பிடுங்கப் போனார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அழுதுகொண்டே குத்தினார்.

"விடுங்க தம்பி" என்றேன். "அசையாது. ஒங்க அண்ணன் பாத்து எறக்குனது."