இருபத்தொன்பதாவது கிராம்

1983 ஜனவரி 9: என் இசைத்தட்டுக் கருவி. கை 22 கிராம், கார்ட்ரிட்ஜ் 6. கூட்டு 28.
அதே நாள்: மைத்துனன் கருவி. கை 22, கார்ட்ரிட்ஜ் 6. கூட்டு 28.
1983 மே 15: கார்ட்ரிட்ஜ் மாற்றம். கூட்டு, இருவருக்கும் 28.

என் மனைவியின் தம்பி தையல்காரன். சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். இருவரும் ஒரே கடையில் ஒரே மாதிரிக் கருவி வாங்கினோம். தட்டின் மேல் நகரும் கையின் நுனியில் முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் மட்டும் வேறு. என்னுடையது கடையிலேயே விலை கூடியது, அவனுடையது மலிவு.

என் வீட்டில் யாராவது நடந்தால் முள் துள்ளியது. அவன் அறையில் தையல் இயந்திரம் ஓடும்போதுகூடப் பாட்டு அசையாமல் நின்றது. ஞாயிறு மாலையானால் மனைவி அங்கே கிளம்பிவிடுவாள்.

"இங்க மூச்சு விட்டாலே முறைக்கிறீங்க. அங்க காலை நீட்டி உக்காந்து கேக்கலாம்."

கருவியோடு வந்த விவரத்தாளை நான்கு மாதம் படித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். கனமான கைக்கு விறைப்பான முள் வேண்டும். என் விலை கூடிய முள் நெகிழ்வானது, இலேசான கைக்கு உரியது. குறிப்பேட்டில் கணக்குப் போட்டேன். அவனிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வரவழைத்தேன்.

"மாப்ள, நல்ல பொருள் உன்கிட்ட இருக்கட்டும். உன்னோடத எனக்குக் குடு."

"என்ன அத்தான், திடீர்னு வள்ளலாயிட்டீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

கார்ட்ரிட்ஜை மாற்றிக்கொண்டோம். அடுத்த ஞாயிறு மனைவி என் வீட்டில் காலை நீட்டிக் கேட்டாள். அவன் இயந்திரத்தை மிதித்தால் முள் தாவியது. தைக்கும்போது பாட்டை நிறுத்திவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அன்று இரண்டு தட்டுகள் கூடுதலாகப் போட்டேன்.

பிறகு அவன் வேறு ஊரில் கடை வைத்தான். அக்காவுக்கு மூன்று கடிதம் எழுதினான். நான்காவது எனக்கு.

"அத்தான், அன்னைக்கு உங்க நோட்டு மேஜை மேல திறந்தே கிடந்துச்சு. படிச்சுட்டுத்தான் குடுத்தேன். அக்கா அவங்க வீட்லயே பாட்டுக் கேக்கட்டும்னு தோணுச்சு. இப்ப என் ப்ளேயர் கையில பட்டன் ஓட்டை மாதிரி வரிசையா துளை போட்டுப் பத்து கிராமாக் குறைச்சுட்டேன். மெஷின் ஓடுது, முள் அசையல. ஒண்ணே ஒண்ணு: உங்க கூட்டல்ல கார்ட்ரிட்ஜைப் பிடிக்கிற ஸ்க்ரூ ரெண்டும் விட்டுப்போச்சு. இருபத்தெட்டு இல்ல, இருபத்தொன்பது."

திருகுகளைக் கழற்றித் தராசில் வைத்தேன். சரியாக ஒரு கிராம்.

மனைவி கடிதத்தைப் படித்துவிட்டுப் பெட்டியில் துணி அடுக்கினாள். "அந்தத் துளையெல்லாம் நான் பாத்தாகணும்."

அதன்பின் மாதம் ஒருமுறை அவளே போய்வந்ததால் அவன் கடிதம் எழுதவில்லை. குறிப்பேட்டில் மூன்று இடத்திலும் 28ஐ அடித்து 29 என்று எழுதினேன். கீழே, கடைசிக் கடிதம் வந்த நாள்: 1984 பிப்ரவரி 11.