கிரேக்கர் வெள்ளையடிக்கவில்லை

எங்கள் கோயில் கோபுரத்துக்கு என்ன நிறம் அடிப்பது என்று அயலவர்களிடம் கேட்க நகரசபை ஒரு கூட்டம் கூட்டியது. ஜெர்மனியில் டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில், பழைய தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கிற சிறிய கோயில். கூட்டம் நடந்த மண்டபத்தில் பெயின்ற் வேலையை முறையாகப் படித்து, அதிலேயே பிழைக்கிறவள் நான் ஒருத்திதான். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் எழுந்தவர் ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர். குரலை உயர்த்தாமல் பேசினார். கோபுரம் வருவதில் மகிழ்ச்சிதான், ஆனால் நாங்கள் கொடுத்த படத்தில் இருக்கும் பச்சையும் ரோசாவும் கண்ணைக் குத்துகின்றன என்றார். "பழைய கிரேக்கர்களைப் பாருங்கள். வெள்ளைப் பளிங்கு, அமைதி, அளவு. கடவுளுக்கு அது போதாதா?"

மண்டபம் தலையாட்டியது. என் பக்கத்தில் இருந்த எங்கள் கோயில் தலைவரும் சேர்ந்து ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெள்ளையே அடிச்சுவிடுவம் பிள்ளை," என்றார் தலைவர் மெதுவாக. "ஏன் சும்மா பிரச்சினை?"

"அண்ணை, அவர் சொல்லுறது பிழை."

"பிழையெண்டாலும் பேசாமல் இரும்."

சில வருடங்களுக்கு முன்பு பிராங்பேர்ட்டில் ஓர் அருங்காட்சியகத்துக்குச் சுவர் பூசப் போயிருந்தேன். கிரேக்கச் சிலைகள் செய்த காலத்தில் எப்படி இருந்தனவோ அப்படி நிறம் தீட்டிய பிரதிகளை அங்கே வைக்கப் போகிறார்கள். அவர்கள் ஒரு பெட்டியைப் பிரித்ததும் கையிலிருந்த பெயின்ற் உருளையைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு வில்லாளி, காலோடு ஒட்டிய உடுப்பில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் கட்டம் கட்டமாக. ஒரு பெண்ணின் உதடு நல்ல சிவப்பு. எங்கள் தேரில் ஏற்றினால் ஒருவரும் வித்தியாசம் கண்டிருக்க மாட்டார்கள். பளிங்கில் ஒட்டியிருந்த துகள்களை ஆராய்ந்து தீட்டியது என்று அங்கே வேலை செய்த பெண் சொன்னாள். மண்ணும் மழையும் வர்ணத்தைத் தின்றபின் மிஞ்சிய வெறும் கல்லைப் பார்த்துத்தான் இத்தனை வங்கிகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் வெள்ளைத் தூண் நிறுத்தியிருக்கிறார்கள். பூச்சு உரிந்த சுவரைப் பார்த்து, அதுதான் அழகு என்று வீடு முழுக்க உரித்த கதை.

கிரேக்கரிடம் எனக்குப் பிடித்தது வேறு. அவர்களுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. செருப்புத் தைக்கிறவனும் சபையில் எழுந்து பெரிய மனிதரோடு வாதாடலாம். பெண்களையும் அடிமைகளையும் மட்டும் விடவில்லை. அது அவர்களுக்கு வெட்கக்கேடு. அவர்கள் தந்துவிட்டுப் போனதில் ஒன்றை எடுக்கச் சொன்னால் அந்த வாயைத்தான் எடுப்பேன்.

எழுந்தேன். அந்த வில்லாளியைப் பற்றிச் சொன்னேன். "கிரேக்கரைப் போல என்றால் சரி. சிவப்பும் நீலமும் பொன்நிறமும் அடிக்கிறோம்," என்றேன்.

முன்வரிசையில் ஒரு பெண் நம்பாமல் கைபேசியில் தேடி, படத்தைக் கட்டடக் கலைஞரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "இது எனக்குத் தெரியும்," என்றார். "ஆனாலும் எனக்கு வெள்ளைதான் பிடிக்கும்." பிந்தி வந்தாலும் அது நேர்மையான பேச்சு. அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

கூட்டத்தை நடத்திய அம்மையார் எங்கள் தலைவரைப் பார்த்தார். சட்டம் எந்த நிறத்தையும் தடுக்கவில்லை, முடிவு உங்களுடையது, வெள்ளை என்றே எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

தலைவர் கோழையில்லை. அகதியாக வந்த நாள் முதல், எந்த அலுவலகத்தில் எந்தத் தாளை நீட்டினாலும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டே நான்கு பிள்ளைகளைக் கரைசேர்த்தவர். அந்தப் பழக்கத்தில் அவருடைய தலை மறுபடி ஆடத் தொடங்கியது.

"அண்ணை," என்றேன், "உள்ளுக்க இருக்கிற அம்மனுக்கும் வெள்ளைச் சீலை உடுத்துவமோ?"

அவர் முகம் கறுத்தது. பிறகு கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து, அந்த அம்மையாரிடம், "நைன்," என்றார். இல்லை என்பதற்கான ஜெர்மன் சொல்லை அவர் வாயால் நான் அன்றுதான் கேட்டேன்.