கூடையில் அலாரம்

திங்கட்கிழமை காலையில் முதல் மல்லாட்டை மூட்டை ஏறுவதற்கு முன்பே சூசை மேரி தன் புருஷனைத் தராசில் ஏற்றிவிடுவாள். "செருப்பக் கழட்டுய்யா. இடுப்புல சாவி கீவி இருந்தா அதையும் குடு." திண்டிவனம் வேர்க்கடலை மண்டியில் எடை எழுதுகிற நான், முள் நின்றதும் எடையைச் சொல்வேன். இருபது வருஷம் அதே தராசில் மூட்டை ஏற்றிய ராயப்பன் தலையைக் குனிந்து நிற்பார்.

அவருக்கு இரைப்பையில் புற்று. புதுச்சேரியில் அறுவை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. எடை நாற்பத்திரண்டு கிலோவுக்குக் கீழே போனால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போடுவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் முட்டை, மீன், அரைத்த மல்லாட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னதும் அவர்தான்.

அதற்காகவே அவளது ஒயர்கூடையில் ஒரு அலாரம் கடிகாரம். பஸ்ஸில் அடிக்கும், ரேஷன் கடையில் அடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில், பிரசங்கத்தின் நடுவே அடித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து ஆண்கள் பக்கம் போய், கேப்பைக் கூழைப் புகட்டிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

பார்க்க வருகிறவர்களின் கூத்துதான் எனக்குப் பொறுக்கவில்லை. கையில் ஆப்பிள், வாயில் பத்தியம். முட்டை கொடுத்தால் கட்டி வளருமாம், மீன் கொடுத்தால் சீழ் வைக்குமாம். யார் சொன்னது என்று கேட்டால் ஆப்பிளை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். "நல்லாத் துன்னுக்கினு வந்து பேசறாங்க சார். இவரு எலும்ப எண்ணிப் பாக்கச் சொல்லுங்க" என்பாள் சூசை மேரி.

எல்லாரையும் மிஞ்சியவள் நாத்தனார் லூசியா. தம்பி பிழைக்கவேண்டும் என்று, தவக்காலம் முழுக்க ராயப்பனே ஒருசந்தி இருப்பதாக நேர்ந்துவிட்டாள். ஒருவேளைச் சோறு, கவிச்சி கிடையாது. நோயாளிக்கு அந்தக் கட்டாயமே இல்லை என்று பங்குச் சாமியார் சொல்லியும், "சாமியாருக்கு இன்னா, நேந்தது நானு" என்றாள்.

ராயப்பன் அக்கா பேச்சைத் தட்டாதவர். பகலில் மண்டி வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார். பெண்டாட்டி கொடுத்த முட்டையை, அவள் தலை மறைந்ததும் நாய்க்குப் போடுவார். நாய் கொழுத்தது. குடும்ப விஷயம் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போது என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

போன திங்கள் முள் நாற்பத்தொன்றரையில் நின்றது. வியாழக்கிழமை கீமோ. நாய் விஷயத்தைச் சூசை மேரியிடம் சொல்லிவிட்டேன். கூட வந்திருந்த லூசியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவன் பொழைக்கணும்னுதான நேந்தேன்."

சூசை மேரி கத்துவாள் என்று நினைத்தேன். கூடையில் அலாரம் அடித்தது. அவள் ஒரு முட்டையை எடுத்து ஓட்டை உரித்து, லூசியாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்க குடுத்தா துன்னுவாரு அண்ணி."

லூசியா சிலுவை போட்டுக்கொண்டு, முட்டையைப் பிட்டுத் தம்பியின் வாயருகே கொண்டுபோனாள். அவர் மென்று விழுங்கும்வரை சூசை மேரி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அலாரத்தை அடுத்த வேளைக்குத் திருகி, கடிகாரத்தை லூசியாவின் பைக்குள் போட்டாள்.