சும்மா அடித்த மணி

சனிக்கிழமையானால் ஊரே திற்பரப்பு அருவிக்குக் கிளம்பும். நான் அதற்கு நேர்மாறு. யாரும் எட்டிப் பார்க்காத கிராமம் எது என்று விசாரித்து அங்கே ஸ்கூட்டரை விடுவேன். படம் பிடித்து, நாலு வரி எழுதி நண்பர்களுக்கு அனுப்புவேன். "எங்கேருந்துடே இப்படி இடமெல்லாம் கண்டுபிடிக்க?" என்று அவர்கள் கேட்க வேண்டும். அந்தப் பெருமைக்குத்தான் இத்தனை பெட்ரோல்.

இரணியலைத் தாண்டி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு ஊருக்குப் போனதும் அப்படித்தான். பத்து மணி வெயில். பெரிய பெரிய கான்கிரீட் வீடுகள், முன்கதவெல்லாம் அடைத்துக் கிடந்தன. பிள்ளைகள் கல்ஃபில் இருப்பார்கள். கடைசியில் ஒரு பழைய கிறிஸ்தவ மிஷன் ஆலயம். முற்றத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே மணி, கைக்கு எட்டும் உயரத்தில் கயிறு.

ஆளில்லாத ஊரில் மணியோசை, வீடியோவுக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எனக்கோ கோயில் மணியை அடித்துப் பழகிய கை. அங்கே யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், கேள்வி கிடையாது. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன். யாரையும் தொந்தரவு செய்யக் கூடாதே என்று மெதுவாக ஒன்று அடித்து, ஓசை அடங்கியபின் அடுத்தது அடித்தேன். இப்படி மூன்று. என் மரியாதையில் இடி விழ!

ஆளே இல்லை என்று நினைத்த வீடுகளின் பின்பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஐந்தாறு பேர், எல்லாரும் வயதானவர்கள்.

"ஆருக்கு மக்கா? அவளுக்கா?" என்று ஓர் அம்மாள் கேட்டார். நான் விழித்ததைப் பார்த்து அவரே சொன்னார். ஆராதனைக்கு மணியை விடாமல் அடிப்பார்களாம். இடைவெளி விட்டு ஒற்றை ஒற்றையாக அடித்தால் சாவு. அந்த ஊர்க்காரி ஒருத்தி ஒரு மாதமாக நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில், ஐசியூவில் கிடக்கிறாளாம்.

அதற்குள் அவளுடைய கணவரே வந்துவிட்டார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"எனக்குப் போன் வரலியே. ஒங்களுக்கு ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல்ல ஐயா. நான் சும்மா, வீடியோ எடுக்க அடிச்சேன். மன்னிச்சிருங்க."

"ஏலே, ஒனக்கு வெளையாட சாவுமணிதான் கெடச்சுதா?" அந்த அம்மாள் என்னை அடிக்காத குறை. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவமானமாக இருந்தது. பெரியவரிடம், "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல்ல ஐயா" என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

மற்றவர்கள் போனபின் அவர் ஆலயப் படியில் உட்கார்ந்தார். விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவிடட்டுமா என்று கேட்டேன். நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்களாம்.

"அவ வலியில துடிக்கத பாக்க முடியாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மணி கேட்டதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஸ்தோத்திரம் ஆண்டவரேன்னு சொல்லிட்டேன்."

ஸ்தோத்திரம் என்றால் நன்றி என்பது எனக்கும் தெரியும். அந்த வீடியோவை அவர் முன்னாலேயே அழித்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"நாலு மணிக்கு அவ என் மொகத்தப் பாப்பா" என்றார். "பாத்தாலே கண்டுபிடிச்சிருவா."